ஐரோப்பாவின் சட்டமும் நம் தோட்டத்து மருந்தும்



இன்றைய உரையின் தலைப்பு சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஐரோப்பாவில் சட்டம் எப்படி உருவாகிறது என்பதற்கும், சுங்கை சிப்புட்டிலோ கோலக் கங்சாரிலோ வாழும் ஒரு தோட்டக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும்.

தொடர்பு புதிதல்ல. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து புறப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் வழியில் வந்த சில கன்றுகள் 1877ஆம் ஆண்டிலேயே நம் கோலக் கங்சாரில் நடப்பட்டன. கன்று வந்தது அங்கிருந்து. மரம் வளர்ந்து பால் சுரந்தபோது அந்த ரப்பர் போனதும் பெரும்பாலும் அங்கேதான். பிறகு, மரத்தடியில் முளைக்கும் புல்லைக் கொல்ல ஒரு மருந்து வந்தது. அதுவும் அங்கிருந்துதான் வந்தது. பொருள் போய்வரும் வழியில் சட்டமும் போய்வருகிறது. அங்கே ஒரு சட்டம் மாறினால் இங்கே ஒரு தாயின் கையிலுள்ள பம்பு மாறலாம். அந்தச் சட்டத்தை மாற்றும் யோசனையை யார் சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள், அதில் நம் குரலுக்கு இடமுண்டா என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் அந்த மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் பாரகுவாட். 1962ஆம் ஆண்டு பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'கிராமோக்சோன்' என்றால் தோட்டத்தில் பலருக்கும் தெரியும். பச்சைப் புல் மீது பட்டால் சில மணி நேரத்திலேயே புல் கருகத் தொடங்கும். மழை பெய்தாலும் வேலை கெடாது. மரத்தின் வேருக்கும் கேடில்லை. ஆகவே தோட்ட நிர்வாகங்கள் அதை விரும்பின.

ஆனால் புல்லைக் கருக்கும் பொருள் மனிதத் தோலை மட்டும் விட்டுவிடுமா? தோலில் பட்டால் புண்ணாகும். நகம் நிறம் மாறிக் கழன்று விழும். சாரல் மூக்கில் ஏறினால் மூக்கிலிருந்து இரத்தம் வரும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஒரு வாய் அளவு வயிற்றுக்குள் போனால் நுரையீரல் கெட்டு உயிர் போகும். அதற்கு முறிவு மருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. மலாய் மொழியில் இத்தகைய பொருளை 'ராச்சுன்', அதாவது நஞ்சு என்று சொல்கிறார்கள். நாமோ 'மருந்து' என்கிறோம். 'மருந்தடிக்கப் போகிறேன்' என்கிறோம். பெயரே நம் அச்சத்தைக் குறைத்துவிட்டது.

வெளிக்காட்டு வேலையில் மருந்து பம்பைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொளுத்தும் வெயிலில் ரப்பர் பூட்சும் முகமூடியும் அணிந்து நாள் முழுதும் நடப்பது எவ்வளவு கடினம் என்பது வீட்டில் இருந்து ஏட்டில் எழுதுபவருக்குத் தெரியாது. கசிகிற பம்பு முதுகை நனைக்கும். மருந்து கலந்த கையை ஓடையில் கழுவிவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த தாய்மார்கள் எத்தனையோ பேர். இந்த அனுபவம் லயத்துக்கு லயம் பேசப்பட்டது. ஆனால் பேச்சாகவே இருந்துவிட்டது. அது எப்படிச் சட்டம் செய்கிற மேசைக்குப் போய்ச் சேரும்? இங்கேதான் சமூக அமைப்புகளின் வேலை தொடங்குகிறது.

சமூக அமைப்பு என்றால் என்ன? அரசாங்கமும் அல்லாமல், இலாபத்துக்கு நடக்கும் நிறுவனமும் அல்லாமல், மக்கள் தாமாகக் கூடி நடத்துவது சமூக அமைப்பு. தொழிற்சங்கம், பயனீட்டாளர் சங்கம், மாதர் சங்கம், இளைஞர் மன்றம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் எல்லாம் இதில் அடங்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் என்பது 27 நாடுகள் சேர்ந்த கூட்டு. அதன் ஆணையம் சட்ட முன்வரைவைத் தயாரிக்கும். உறுப்பு நாடுகளின் அமைச்சர்களும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் அதை நிறைவேற்றுவார்கள். இடையில் பல சட்டங்களுக்கு இன்னொரு சபையைக் கேட்க வேண்டும் என்பது விதி. அதுதான் ஐரோப்பியப் பொருளாதார, சமூகக் குழு. 1957ஆம் ஆண்டு ரோம் ஒப்பந்தத்தின்படி ஏற்பட்ட இந்தக் குழு பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் கூடுகிறது. இப்போது அதில் 329 இடங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களை நியமிக்கிறார்கள். ஒரு பகுதி முதலாளிகள் தரப்பு, ஒரு பகுதி தொழிலாளர் தரப்பு, மூன்றாவது பகுதி விவசாயிகள், பயனீட்டாளர், சுற்றுச்சூழல் அமைப்பினர் போன்றோர். மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து, வேலை நேரம், தொழிற்சாலைப் புகை, குடிநீர், மருந்து முதலிய விஷயங்களில் கருத்துரை எழுதித் தருகிறார்கள்.

அந்தக் கருத்துரையை ஆணையம் ஏற்றே ஆக வேண்டுமா? இல்லை. நம் வீட்டுத் திருமணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தீர்மானிப்பவர்கள் பெற்றோர்தான். ஆனாலும் தாய்மாமனைக் கேட்காமல் தாம்பூலம் மாற்றுவதில்லை. மாமன் சொன்னதைத் தள்ளலாம். ஆனால் தள்ளினால் ஏன் தள்ளினீர்கள் என்று நாலு பேர் கேட்பார்கள். ஆலோசனையின் பலம் அவ்வளவுதான். அது சிறிய பலமல்ல.

இந்தக் குழுவைத் தவிர வேறு வழிகளும் உண்டு. பல நாடுகளின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து பிரஸ்ஸல்ஸில் கூட்டமைப்புகளை வைத்திருக்கின்றன. சுற்றுச்சூழலுக்காக 1974ஆம் ஆண்டு ஐரோப்பியச் சுற்றுச்சூழல் செயலகம் என்ற கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. ஆணையம் ஒரு சட்டத்தைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது, தனி மனிதரும் எழுதலாம். 2012 முதல் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து மொத்தம் பத்து லட்சம் கையெழுத்துத் திரட்டினால், ஆணையம் அந்தக் கோரிக்கையை ஆராய்ந்து பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் தோட்டங்களில் 'ரவுண்டப்' என்று அறியப்படும் கிளைபோசேட் மருந்தைத் தடை செய்யக் கோரி 2017ஆம் ஆண்டு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். தடை கிடைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய இன்னொரு கோரிக்கை பலித்தது. மருந்து பாதுகாப்பானது என்று காட்ட நிறுவனங்கள் கொடுக்கும் ஆய்வுகளைப் பொதுமக்கள் பார்க்க வழிசெய்யும் சட்டம் 2019ஆம் ஆண்டு நிறைவேறியது. கேட்டது எல்லாம் கிடைக்காவிட்டாலும் மூடியிருந்த ஏடு திறந்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறுவனங்களும் இதே கதவுகளைத் தட்டுகின்றன. அவர்களிடம் பணமும் வழக்குரைஞர்களும் பிரஸ்ஸல்ஸில் நிரந்தர அலுவலகமும் உண்டு. ஆகவே யோசனை சொல்லும் உரிமை எல்லோருக்கும் சமமாக இருந்தாலும், சொல்வதற்கான வசதி சமமாக இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட மக்கள் அமைப்புகளிடம் இருப்பது ஒன்றுதான்: நேரில் பட்டவர்களின் அனுபவத்தை ஒழுங்காக எழுதிச் சேர்த்து வைப்பது.

இனி பாரகுவாட்டின் கதைக்கு வருவோம்.

தோட்டத் துறையில் பிறந்து வளர்ந்த ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரைப் பலருக்கும் தெரியும். 1991ஆம் ஆண்டு அவர் தெனாகனித்தா என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பும், பினாங்கில் தலைமையிடம் கொண்ட பூச்சிமருந்து எதிர்ப்புச் செயல் வலையமைப்பும், தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டன. 'நஞ்சூட்டப்பட்டு ஊமையாக்கப்பட்டோர்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். லயத்தில் பேச்சாக இருந்த துயரம் அதில் ஏடாக மாறியது.

அதே 2002இல் பினாங்கின் இந்த வலையமைப்பும், சுவிட்சர்லாந்து, சுவீடன், பிரிட்டன், மத்திய அமெரிக்கா ஆகிய இடங்களின் அமைப்புகளும் சேர்ந்து பாரகுவாட்டுக்கு எதிராக ஒரு கூட்டு அறிக்கை கொண்டுவந்தன. ஏன் சுவிட்சர்லாந்து? அப்போது அந்த மருந்தை உற்பத்தி செய்த சின்ஜென்டா நிறுவனத்தின் தலைமையகம் அங்கே பாசல் நகரில் இருந்தது. ஏன் சுவீடன்? அந்த நாடு 1983ஆம் ஆண்டிலேயே பாரகுவாட்டைத் தடை செய்திருந்தது.

ஆனால் 2003 டிசம்பர் முதல் நாள் ஐரோப்பிய ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒன்றியம் முழுவதும் பாரகுவாட்டை அனுமதிக்கலாம் என்பதே அது. தடை செய்திருந்த நாடுகள் திகைத்தன. அமைப்புகள் சொன்ன யோசனை தோற்றது.

அவர்கள் விடவில்லை. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் செயலகம், சுவீடன் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், உணவு மற்றும் விவசாயத் தொழிலாளர்களின் உலகச் சம்மேளனம் முதலியவை சேர்ந்து லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயின. தொழிற்சங்கமும் சுற்றுச்சூழல் அமைப்பும் ஒரே வழக்கில் கைகோத்து நின்றன என்பதைக் கவனியுங்கள். 2005 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது என்ன? இந்த ஆணையை எதிர்த்து வழக்காட உங்களுக்குத் தகுதி இல்லை என்றது. மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே போகவில்லை. யோசனை சொல்லலாம், ஆனால் படியேறி நியாயம் கேட்க முடியாது என்ற நிலைமை.

ஆனால் ஓர் அரசாங்கத்துக்கு அந்தத் தகுதி உண்டு. சுவீடன் அரசாங்கம் தானே ஒரு வழக்குத் தொடர்ந்திருந்தது. டென்மார்க், ஆஸ்திரியா, பின்லாந்து ஆகிய நாடுகள் துணை நின்றன. 2007 ஜூலை 11ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஆணையத்தின் அனுமதி செல்லாது என்றது நீதிமன்றம். பாரகுவாட்டுக்கும் நடுக்கவாதமாகிய பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதைச் சரியாக ஆராயவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் மனத்தில் பதிய வேண்டியது. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் மருந்தடித்த தொழிலாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வு வழக்குக் கட்டில் இருந்தது. சொன்ன விதிப்படி வேலை செய்தபோதும் ஒரு தொழிலாளியின் உடலில் ஏறிய மருந்து ஏற்கத்தக்க அளவைத் தாண்டியிருந்தது என்று அதில் கண்டிருந்தது. அந்தத் தொழிலாளி லக்சம்பர்க்கைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் உடலில் நடந்ததை ஒருவர் அளந்து எழுதி வைத்ததால், ஒரு கண்டத்தின் சட்டமே விழுந்தது.

இதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. ஐரோப்பிய வயல்களில் தெளிக்கக்கூடாது என்று தடை வந்தது. ஆனால் பிறநாடுகளுக்காகச் செய்து அனுப்புவதற்குத் தடை வரவில்லை. இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டு நகரத் தொழிற்சாலையிலிருந்து பாரகுவாட் கப்பலேறிக்கொண்டே இருந்தது. தம் மண்ணில் தடை செய்த மருந்துகளை 2018ஆம் ஆண்டில் மட்டும் 81,000 டன்னுக்கு மேல் பிறநாடுகளுக்கு அனுப்ப ஐரோப்பிய நிறுவனங்கள் பதிவு செய்திருந்தன என்பதை, சுவிட்சர்லாந்து அமைப்பு ஒன்றும் பிரிட்டனின் செய்திக் குழு ஒன்றும் அரசாங்க ஆவணங்களைப் பெற்று 2020இல் வெளிப்படுத்தின. தன் பிள்ளைக்கு ஆகாத சோற்றை அண்டை வீட்டுப் பிள்ளைக்குப் போடலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து பலமாக எழுந்திருக்கிறது. பிரான்ஸ் அத்தகைய ஏற்றுமதியை 2022 முதல் தன் சட்டத்தால் தடுத்தது.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2002ஆம் ஆண்டு மலேசிய அரசாங்கம் பாரகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. மருந்து நிறுவனங்களும் தோட்ட உரிமையாளர்களும் எதிர்த்து வாதாடினார்கள். மாற்று மருந்துக்குச் செலவு அதிகம் என்றார்கள். 2006ஆம் ஆண்டு தடை தளர்த்தப்பட்டது. ஐரோப்பாவில் மறு ஆண்டே அனுமதி ரத்தானபோதும் இங்கே மருந்து தொடர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி முதல் நாள் மலேசியாவில் பாரகுவாட் தடை செய்யப்பட்டது. 2002இல் அறிவித்தது 2020இல் நிறைவேற 18 ஆண்டுகள் ஆயின. ஐரின் அம்மையார் 2014ஆம் ஆண்டே காலமாகிவிட்டார். அந்த 18 ஆண்டுகளும் பம்பு தோளில்தான் இருந்தது. யோசனை சொல்வது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று இன்னொரு சட்டம் நம் வாசலுக்கு வந்திருக்கிறது. காட்டை அழித்து விளைவித்த பொருளை ஐரோப்பாவில் விற்கக்கூடாது என்ற சட்டத்தை ஒன்றியம் 2023ஆம் ஆண்டு நிறைவேற்றியது. ரப்பரும் செம்பனையும் அந்தப் பட்டியலில் உள்ளன. அதற்கு முன்பு 2020இல் கருத்துக் கேட்டபோது, சுற்றுச்சூழல் அமைப்புகளின் முயற்சியால் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவாக எழுதினார்கள். எந்த நிலத்தில் விளைந்தது என்பதை இடக்குறிப்போடு காட்ட வேண்டும் என்கிறது சட்டம். பெரிய தோட்டத்துக்கு அது கடினமல்ல. ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவருக்கு அது தலைவலி. அவர்களின் கவலை எழுந்த பிறகு சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த 11 லட்சம் கடிதங்களில் பால் வெட்டுகிறவரும் குலை அறுக்கிறவரும் எழுதியவை எத்தனை இருக்கும்? நாம் பேசாத இடத்தில் நமக்காக வேறொருவர் பேசுவார். அவர் நல்லவராக இருந்தாலும் நம் கஷ்டம் முழுதும் அவருக்குத் தெரியாது.

பேச வேண்டுமென்றால் பிரஸ்ஸல்ஸ் வரை போக வேண்டாம். ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏஷியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை 1982ஆம் ஆண்டு அங்கே வேலை தொடங்கியது. அதன் கதிரியக்கக் கழிவைப் பற்றி மக்கள் அஞ்சினார்கள். ஊர் மக்கள் குழுவாகக் கூடினார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் வந்து கதிரியக்கத்தை அளந்தார்கள். 1985இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 1992 ஜூலை 11ஆம் நாள் மக்கள் வென்றார்கள். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆயினும் 1994 ஜனவரியில் தொழிற்சாலை மூடப்படுவதாக நிறுவனமே அறிவித்தது. கட்டடம் இடிக்கப்பட்டு, கழிவு கிளெடாங் மலைப்பகுதியில் பாதுகாப்பாகப் புதைக்கப்பட்டது. தீர்ப்பில் தோற்றவர்கள் ஊரைக் காத்துக்கொண்டார்கள். பத்தாண்டுகளாகச் சேர்த்த ஆதாரமும் ஒற்றுமையும் வீண்போகவில்லை.

ஆகவே தோட்டக் குடும்பங்கள் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவதாக, 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டப்படி, 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். நிர்வாகத்தின் பிரதிநிதிகளோடு தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் உள்ள அந்தப் பெரிய குழுவின் சிறிய வடிவம்தான் இது. உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா? கடைசியாக எப்போது கூடியது? மருந்தடிக்கும் பெண்ணோ, வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தொழிலாளியோ அதில் இருக்கிறாரா? மண்டோரையோ சங்கப் பிரதிநிதியையோ கேளுங்கள்.

இரண்டாவதாக, ஒரு பெரிய தொழிற்சாலையோ, குப்பை மேடோ உங்கள் பழைய தோட்ட நிலத்தில் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்டம் வரையும்போதும் ஆட்சேபணை தெரிவிக்க 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இடம் தருகிறது. காலக்கெடு குறுகியது. அறிவிப்பு எங்கே ஒட்டப்படுகிறது என்பதைக் கவனிக்க ஊரில் ஓர் இளைஞரை நியமித்து வையுங்கள்.

மூன்றாவதாக, எழுதி வையுங்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். பாரகுவாட் போய்விட்டது, அதன் இடத்தில் வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. ஒரு சாதாரணப் பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எந்தக் காடு, தகரத்தில் ஒட்டியிருந்த மருந்தின் பெயர், எத்தனை மணி நேரம் அடித்தீர்கள், உடம்புக்கு என்ன செய்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளினிக் சீட்டை எறியாமல் அதிலேயே வையுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்குப் போகும் மகள் எழுதித் தரட்டும். 'தலை சுற்றியது' என்று பத்துப் பேர் வாயால் சொன்னால் அது முறையீடு. பத்துப் பேரும் பத்து வாரம் தேதியோடு எழுதி வைத்தால் அது ஆதாரம். சங்கமோ, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்போ உங்களுக்காகப் பேசப் போகும்போது அந்த ஆதாரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

நேயர்களே, யோசனை சொல்பவருக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் இல்லை. ஐரோப்பாவிலும் இல்லை, இங்கும் இல்லை. சொன்ன யோசனை பலமுறை தள்ளப்படும். தள்ளப்பட்டாலும் ஏட்டில் ஏறிய உண்மை அங்கேயே இருக்கும். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் பேசுவார். அந்த ஏட்டில் நம் தோட்டத்து வரிகளும் இருக்கட்டும்.